காலில் வந்த கட்டி

போன வருசம் கடனைப் பத்திப் பேசினேன். இன்னைக்கு என் காலைப் பத்திப் பேசறேன், சிரிக்காதீங்க.

வலது பாதத்து மேல, செருப்பு வார் படற எடத்துல நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. வலி இல்லை. புற்றுநோயா இருக்குமோன்னு பயம். ஆபரேசன்னு சொல்லிட்டா குழுக்கடன் தவணைக்கு என்ன பண்றதுன்னு அதைவிடப் பயம். எட்டு மாசம் வீட்டுக்காரர்கிட்டக்கூடச் சொல்லாம, சேலையைத் தாழக் கட்டி மறைச்சுட்டுக் களை வெட்டப் போனேன்.

கடைசியில அரசு மருத்துவமனைக்குப் போனேன். டாக்டரம்மா கட்டி மேல டார்ச் அடிச்சாங்க, வெளிச்சம் ஊடுருவிச்சு. ஸ்கேன்லயும் நீர்க்கட்டின்னே வந்தது. மூட்டையோ தசைநாரையோ ஒட்டிப் பசை மாதிரி நீர் சேர்றதுதான் அது. வலிக்கலைன்னா அப்படியே விடலாம், தானா வத்தறதும் உண்டு. ஊசி போட்டு எடுத்தாலும் திரும்ப வரலாமாம். வார் அழுத்தாத செருப்பா மாத்தினேன், அவ்வளவுதான் வைத்தியம்.

தோலுக்கு அடியில மெத்துன்னு நழுவினா பெரும்பாலும் கொழுப்புக்கட்டி. உள்ளங்கால் குழிவுல கெட்டியா வர்ற நார்க்கட்டியும் புற்றுநோய் இல்லை. ஆனா இன்ன கட்டின்னு நாமளே தீர்ப்புச் சொல்லக் கூடாதுங்க. வேகமா வளர்ந்தா, ராத்திரியில வலிச்சா உடனே காட்டணும்.

எங்க மாமியார் கால் ஆணியைப் பிளேடால சீவிக்கிட்டாங்க. சர்க்கரை இருக்கறதால கால்ல உணர்ச்சி குறைவு, ஆழமா வெட்டினது தெரியலை. ரெண்டு மாசம் கட்டுப் போட்டோம். சர்க்கரைக்காரங்க ஆணி பிளாஸ்திரியும் தானா ஒட்டக் கூடாது, அதுல ஆசிட் இருக்குது.

இன்னொண்ணு, தோட்டத்துல வெறுங்காலோட நடக்கற நமக்கு. முள்ளுக் குத்தின எடம் வலியில்லாம வீங்கி, ஓட்டை விழுந்து, சீழோட குருணை மாதிரி வந்தா அது சாதாரணக் கட்டி இல்லை. 1842-ல மதுரையில டாக்டருங்க பார்த்து எழுதினதால, உலகம் பூரா அதுக்கு ‘மதுரைக் கால்’னு பேரு. பூஞ்சையாலயோ பாக்டீரியாவாலயோ வர்றது. விட்டா எலும்பு வரைக்கும் போகும். உலக சுகாதார நிறுவனம் 2016-லதான் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்கள் பட்டியல்ல சேர்த்துச்சு. காடு கழனிக்காரங்க நோய்தானே!

மக்களைத் தேடி மருத்துவத்துல சர்க்கரை பார்க்க வீட்டுக்கு வர்ற தங்கச்சி நம்ம குழுப் பொண்ணுதான். கையை நீட்டும்போதே காலையும் காட்டிடுங்க.

என் கட்டி இன்னும் இருக்குது. பார்க்கணும்னா சாப்பாட்டு நேரத்துல வாங்க, காட்டறேன்.