புதாற்றங்கரை வழியே



பேருந்து இல்லை, மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது, கடைகள் குறித்த நேரத்தில் மட்டுமே திறந்திருக்கும் என்றிருந்த 2020ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச்சு 25ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியபோது நான் பணி ஓய்வு பெற்றுத் தஞ்சையில் இருந்தேன். என் வீட்டுக்குச் சிறிது தொலைவில் கல்லணைக் கால்வாய் செல்கிறது. முப்பது ஆண்டுகள் அதனை வகுப்பில் நடத்தியவன் நான். "1934இல் திறக்கப்பட்டது; தஞ்சை, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளுக்குப் பாசனம் தருவது" என்று கரும்பலகையில் எழுதுவேன். மாணவர் பார்த்து எழுதுவர், மதிப்பெண்ணும் பெறுவர். ஆனால் அதன் கரையில் ஒரு கல் தொலைவுகூட நான் போனதில்லை.

கொல்லைத் தாழ்வாரத்தில் துருவேறிக் கிடந்த மிதிவண்டியை எடுத்து எண்ணெய் இட்டேன். பகல் ஒரு மணி வரை காய்கறி வாங்கலாம் என்பது அன்றைய விதி. வாங்கிய கத்தரிக்காயைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, நேர்வழியை விட்டுக் கரைவழியே வீடு திரும்பலானேன். குளத்தங்கரையில் சுற்றிவிட்டுக் காலந்தாழ்த்தி வந்த பிள்ளைகளை எத்தனை முறை வெளியே நிறுத்தியிருக்கிறேன்! ஒரு நாள் கருவேல முள் குத்திச் சக்கரத்தில் காற்று இறங்கிற்று. பழுது பார்க்கும் கடை மூடியிருந்தது. மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தேன். அதற்குரிய தண்டனை என்று எடுத்துக்கொண்டேன்.

இக்கரையில் வண்டி மிதிப்பவருக்கு ஒன்று விரைவில் விளங்கும். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஆறு பள்ளத்தைத் தேடி ஓடும். இக்கால்வாயோ மேட்டு நிலத்தின் ஓரத்தைப் பற்றிக்கொண்டு வளைந்து வளைந்து செல்கிறது. ஒரு புறம் வயல்கள் நம் காலடிக்குக் கீழே கிடக்கின்றன. மறுபுறம் செம்மண் மேடு. மழைக்காலத்தில் அம்மேட்டிலிருந்து இறங்கும் காட்டாறுகளுக்குக் கால்வாயின் அடியில் வழி விட்டிருக்கிறார்கள். கல்லணை பழமையானது, இக்கால்வாய் அப்படியன்று. அதனால்தான் உழவர்கள் இதைப் புதாறு, அதாவது புது ஆறு, என்கிறார்கள். அந்தப் பெயரை நான் வகுப்பில் ஒரு நாளும் சொன்னதில்லை.

மே மாதத்தில் என் தங்கையின் கணவர் மாரடைப்பால் காலமானார். ஒரத்தநாட்டு வட்டத்தில், புதாற்றின் மறுகரையில் அவர்கள் ஊர். சென்னையிலிருந்து என் மகன் வந்திருந்தமையால் எங்கள் வீட்டுக் கதவில் அப்போது தனிமைப்படுத்தல் அறிவிப்பை ஒட்டியிருந்தனர். இறுதிச் சடங்குக்கு இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்பது ஒருபுறம் இருக்க, அந்த இருபதின்மரில் ஒருவனாகவும் நான் நிற்க முடியவில்லை. உடன்பிறந்தான் செய்ய வேண்டியதை வேறொருவர் செய்தார்.

தனிமை நாட்கள் முடிந்து நான் புறப்படவிருந்த வேளையில் அவர்கள் தெருவை மூங்கில் கட்டி அடைத்துவிட்டனர். அத்தெருவில் இருவருக்கு நோய். கொல்லை வழியாக ஆற்றங்கரைக்கு மட்டும் வரலாம் என்று தங்கை தொலைபேசியில் சொன்னாள். ஜூன் மாதத்து விடியலில், ஏறத்தாழ 15 கிலோமீட்டர் மிதித்துப் போனேன். அவள் எதிர்க்கரைப் படித்துறையில் அமர்ந்திருந்தாள். இடையே வறண்ட மணல். இறங்கி நடந்தால் இரண்டு நிமிடம் ஆகாது. இருவரும் இறங்கவில்லை. "கருமாதியைக் கூட ஆழ்துளைக் கிணற்றடியில்தான் முடித்தோம், அண்ணே" என்றாள். ஆற்றில் நீரில்லாததைச் சொன்னாளா, நான் இல்லாததைச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவுமில்லை.

அவ்வாண்டு ஜூன் 12ஆம் நாள், எட்டு ஆண்டுகளுக்குப் பின் உரிய நாளிலேயே மேட்டூர் அணை திறக்கப்பட்டது. 16ஆம் நாள் கல்லணை திறந்தது. நீர் எங்கே வந்திருக்கிறது என்பதை மதகு பார்க்கும் லஸ்கரிடம் கேட்டறிந்து, அடுத்த முறை அதனை வழியிலேயே பிடித்தேன். முதல் நீர் பொங்கிப் பாய்ந்து வரும் என்று எண்ணியிருந்தேன். அது அப்படி வரவில்லை. நுரையும் சருகும் சாணித் தூளும் முன்னே தள்ளிக்கொண்டு, மணலுக்குக் கொடுத்துக்கொண்டே, நடப்பவனைவிட மெதுவாக வந்தது. வண்டியை அவ்வளவு மெதுவாக ஓட்ட முடியாமல் இறங்கித் தள்ளினேன். பள்ளங்களில் அது நின்றது, நானும் நின்றேன். மதகடியில் பெண்கள் பூவும் நெல்லும் தூவினர். பிறகு பொறுமையிழந்து, வண்டியில் ஏறி அதனை முந்திக்கொண்டு தங்கை ஊருக்குப் போனேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். நீர் வந்து அவள் படித்துறையின் கீழ்ப்படியை நனைத்தது. குனிந்து இரு கையாலும் அள்ளி விட்டாள். மூன்று முறை. அதன்பின் பேச்சு எளிதாக இல்லை. நீர் ஏறிய பிறகு கத்திப் பேச வேண்டியிருந்தது.

செப்டம்பர் 1ஆம் நாள் மாவட்டத்துக்குள் பேருந்து ஓடத் தொடங்கியது. அன்றே சென்று பாலத்தைக் கடந்து அவள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தேன். காபி கொண்டுவந்து வைத்தவள், "சைக்கிள் எங்கே?" என்று கேட்டாள்.