இயந்திரத் துணையும் மனத் துணையும்

நலிவுற்ற இருதயத்துக்குத் துணையாகச் சிறிய பம்பி ஒன்றை நெஞ்சினுள் பொருத்தும் சிகிச்சை இன்று பல நாடுகளில் உண்டு.

2000ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் நகரில் பீற்றர் ஹோற்றன் என்பார் அத்தகைய பம்பியைப் பெற்றார். அது ஓயாது சுழன்று இரத்தத்தைச் செலுத்துவதால் நாடித்துடிப்பைக் கையால் உணர்தல் அரிது. மின்கலம் தீருமுன் மாற்றியாகவேண்டும். இந்நிலையில் அச்சமும் மனச்சோர்வும் எழுதல் இயல்பே. உடனிருந்து பேணும் குடும்பத்தாரையும் அவை வாட்டும்.

உள ஆலோசகராகப் பணியாற்றிய ஹோற்றன், இச்சிகிச்சையை எதிர்நோக்கிய பிறருக்கும் ஆலோசனை கூறினார். 7 ஆண்டுகள் வாழ்ந்து 2007இல் மறைந்தார்.

பம்பி குருதியைச் செலுத்தும், கலக்கத்தை ஆற்றாது. ஆகவே, நாள்தோறும் மின்கலத்தைச் சோதிப்போர், "மனம் எப்படியிருக்கிறது?" என்றும் வினவுதல் வேண்டும். அதுவும் சிகிச்சையே.