நடுகல் பெற்ற நாய்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் குடியிருப்பில் ஒரு வீட்டில் வளர்ந்த நாய் இறந்துவிடுகிறது. அவ்வீட்டுச் சிறுவன் உண்ண மறுத்து அழுகின்றான். “போயும் போயும் ஒரு நாய்க்காகவா இத்தனை அழுகை?” என்று பெரியவர்கள் கேட்கின்றார்கள். இக்கேள்விக்கு நம் முன்னோர் என்ன விடை வைத்துச் சென்றனர் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்றோர் ஊர் உண்டு. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று அங்கே கண்டறியப்பட்டது. கால்நடைகளைக் காக்கும் பூசலில் கருந்தேவக்கத்தி என்னும் வீரன் உயிர் துறந்தான். அவனுடைய நாயாகிய கோவிவன், கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது. இதுவே அக்கல் கூறும் செய்தி. வீரனுடைய உருவத்தோடு நாயின் உருவமும் அதிலே செதுக்கப்பட்டுள்ளது. “ஒரு நாய்” என்று எழுதி நிறுத்தினார்களா? இல்லை, அதன் பெயரையும் கல்லிலே பொறித்தார்கள். ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் சென்றும் அப்பெயரை நாம் சொல்ல முடிகிறது! விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில், போர்ச் சேவலுக்கும் ஊரார் நடுகல் எடுத்திருக்கின்றனர்.

நாம் வாழ வந்துள்ள இம்மராட்டிய மண்ணிலும் இவ்வுணர்வைக் காண்கின்றோம். இராய்கட் கோட்டையில், சத்ரபதி சிவாஜியின் சமாதிக்கு அருகே வாக்யா என்னும் நாயின் சிலை 1936-இல் நிறுவப்பட்டது. 1680-இல் மன்னரின் சிதையில் அது பாய்ந்து உயிர் நீத்தது என்பது வழக்கு. இதற்கு வரலாற்றுச் சான்று இல்லை என மறுப்பாரும் உளர். ஆயினும் அக்கதையை மக்கள் போற்றி வந்தமை மெய்.

புகைவண்டித் துறையில் பணிபுரியும் என் நெஞ்சை உருக்குவது ஜப்பானிய நாய் ஹச்சிகோவின் வரலாறு. டோக்கியோ நகரத்துப் பேராசிரியர் உவேனோ 1925-இல் திடீரென இறந்தார். அவரை எதிர்கொள்ள ஷிபுயா நிலையத்துக்கு வந்து பழகிய அந்நாய், 1935-இல் தான் இறக்கும் வரை அங்கே வந்து காத்திருந்தது. அது உயிரோடிருக்கும்போதே, 1934-இல், நிலையத்தில் அதற்குச் சிலை வைத்தனர். போர்க்காலத்தில் அச்சிலை உருக்கப்பட்டது. 1948-இல் மக்கள் மீண்டும் ஒன்றை நிறுவினர்.

அன்பர்களே! நம்மிற் பலர் மாற்றல் உத்தரவு வந்ததும் மூட்டை கட்டும் குடும்பத்தினர். பாத்திரம் பண்டம் யாவும் வண்டி ஏறுகின்றன. சில வீடுகளில் நாய் மட்டும் பூட்டிய கதவின் முன் நிற்கின்றது. நாய் இறந்தால் நாம் அழுகின்றோம். நம்மை இழந்த நாய் யாரிடம் சென்று அழும்? உரிய கட்டணம் செலுத்திப் பதிவு செய்தால், கார்டு பெட்டியிலுள்ள நாய்க்கூண்டில் அதனைக் கொண்டு செல்ல இரயில்வே விதி இடந்தருகிறது. அஃது இயலாதெனின், அன்புடையார் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்படுதல் நம் கடமையன்றோ?

தாய்மார்களே! அழும் குழந்தையை ஏசாதீர்கள். “வேறு குட்டி வாங்கித் தருகிறேன்” என்று உடனே அதன் வாயை அடைக்கவும் வேண்டா. புதைத்த இடத்தில் ஒரு செடி நடச் சொல்லுங்கள். இறந்ததன் பெயரைச் சொல்லிப் பேச விடுங்கள். நாய்க்காக அழத் தெரிந்த பிள்ளை, நாளை அயலார் துயரையும் அறியும்.