பாறையும் வெடியும்



வெடி என்ற சொல்லைக் கேட்ட அளவில் நம் உள்ளத்தில் தோன்றுவன பேரொலியும் புகையும் அழிவுமே. ஆயினும் நாம் நடக்கும் சாலையில் பரப்பிய ஜல்லியும், இருப்புப்பாதையின் அடியில் கிடக்கும் கருங்கல்லும், சிமெண்டிற்கு மூலப்பொருளான சுண்ணாம்புக் கல்லும் பெரும்பாலும் வெடியின் உதவியால் பாறையிலிருந்து பிரிந்து வந்தவையே. அழிவிற்குப் பெயர்பெற்ற ஓர் ஆற்றல், ஆக்கத்திற்குத் தொண்டு செய்யுமாறு எங்ஙனம் பழக்கப்பட்டது? இதுவே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். விடையை முன்னரே கூறிவிடுகிறேன்: பாறையைப் பிளப்பதில் மருந்தின் வலிமைக்கு உள்ள பங்கு சிறிது; அளவிற்கும் ஒழுங்கிற்கும் காத்திருத்தலுக்கும் உள்ள பங்கே பெரிது.

முதலில் பாறையின் இயல்பைக் காண்போம். கருங்கல் தன் மீது ஏற்றப்படும் பெருஞ்சுமையைத் தாங்கும். ஆனால் இருபுறமும் பற்றி இழுக்கும் விசைக்கு எளிதில் விட்டுக்கொடுத்துவிடும். அதன் இழுப்புத் தாங்கும் வலிமை, அழுத்தம் தாங்கும் வலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கோ அதனினும் குறைவோதான். பாறை உடைப்போர் பயன்படுத்திக்கொள்வது இந்தக் குறைபாட்டையே. பாறையில் தமர் எனப்படும் குழியை இட்டு, அதனுள் மருந்தை வைத்து வெடித்தால், அதிர்வலை ஒன்று நாற்புறமும் பாய்கிறது. அது பாறையின் திறந்த முகத்தை அடைந்தவுடன், இழுப்பு விசையாக மாறித் திரும்புகிறது. பாறையில் விரிசல் காண்கிறது. பின்தொடர்ந்து வரும் வாயு அவ்விரிசல்களுள் ஆப்புப்போலப் புகுந்து, கற்களை முன்னோக்கித் தள்ளுகிறது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் புலனாகின்றன. குழிக்கு முன்னே பாறை விலகிச் செல்ல ஒரு வெற்றிடம் இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. குழியின் வாயைக் கல்தூளாலோ மணலாலோ களிமண்ணாலோ செவ்வையாக அடைத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. அடைக்காவிடில் வாயு பீரங்கியிலிருந்து பாய்வதுபோல வெளியே பாய்ந்துவிடும். ஒலி மிகும், கல் சிதறிப் பறக்கும், பாறையோ சரியாகப் பிளவாது. ஆகவே பேரொலி எழுந்தால் பெருவேலை நடந்தது என்று எண்ணுதல் தவறு. செவ்வையான வெடியில் ஆற்றல் காற்றில் வீணாவதில்லை, கல்லிலேயே செலவாகிறது.

பண்டை நாளில் பாறையின் மேல் தீ மூட்டி, அது சூடேறியபின் நீரைக் கொட்டிப் பிளந்தனர். ஐரோப்பியச் சுரங்கங்களில் கருமருந்து பயன்பட்டதற்கு நமக்குக் கிடைக்கும் தொடக்கச் சான்று 1627ஆம் ஆண்டைச் சார்ந்தது. இடம், இன்று ஸ்லோவாக்கியாவில் உள்ள பான்ஸ்கா ஸ்தியாவ்னிட்சா. அதன்பின் இரு நூற்றாண்டுகள் சுரங்கத் தொழிலாளரைத் துன்புறுத்தியது மருந்தன்று, திரியே. வைக்கோல் தண்டிலோ வாத்து இறகின் தண்டிலோ மருந்தை நிரப்பி, அதைத் திரியாகக் கொண்டனர். அது சில வேளைகளில் நொடியில் எரிந்து, ஓடுமுன் ஆளைக் கொன்றது. சில வேளைகளில் அணைந்தாற்போல் நெடுநேரம் கிடந்து, அருகில் சென்று பார்த்தவனைக் கொன்றது.

இத்துயரத்திற்கு மருந்து கண்டவர் சுரங்கத் தொழிலாளருமல்லர், வேதியியல் அறிஞருமல்லர். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் தோல் வணிகம் செய்துவந்த வில்லியம் பிக்ஃபோர்டு என்பவர் அவர். கயிறு திரிக்கும் நண்பர் ஒருவரின் தொழிற்கூடத்தில் இழைகள் முறுக்கேறுவதை அவர் கண்டார். முறுக்கும்போதே நடுவில் மருந்தை மெல்லிய தாரையாக ஓடவிட்டால் என்ன என்று சிந்தித்தார். 1831ஆம் ஆண்டில் பாதுகாப்புத் திரிக்கு உரிமம் பெற்றார். ஓர் அடித் திரி எரிய ஏறத்தாழ 30 விநாடி ஆயிற்று. வேண்டிய நேரத்திற்கேற்பத் திரியை நீளமாக வெட்டிக்கொண்டு, தீயிட்டுவிட்டு, நடந்தே செல்லலாம் என்ற நிலை வந்தது. மருந்தின் வலிமையில் ஓர் அணுவும் கூடவில்லை. காலம் மட்டுமே மனிதனின் கைவசமாயிற்று. அதனால் பிழைத்த உயிர்கள் எத்துணையோ!

அடுத்து வந்தது வலிமையைப் பழக்கும் முயற்சி. 1847இல் இத்தாலிய அறிஞர் அஸ்கானியோ சோப்ரெரோ நைட்ரோகிளிசரினைக் கண்டறிந்தார். கருமருந்தினும் பன்மடங்கு ஆற்றல் வாய்ந்த அந்நீர்மம், சிறு அதிர்ச்சிக்கும் வெடித்துவிடும் இயல்பினது. கண்டறிந்தவரே அதற்கு அஞ்சினார். ஸ்வீடன் நாட்டு ஆல்ஃபிரெட் நோபெல் அதனைத் தொழிலுக்கு உரியதாக்க முற்பட்டார். 1864ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் ஸ்டாக்ஹோமில் இருந்த அவர்தம் தொழிற்கூடம் வெடித்தது. இளைய தம்பி எமிலும் வேறு சிலரும் மாண்டனர். நோபெல் தளரவில்லை. அந்நீர்மத்தை நுண்துளைகள் நிறைந்த கீசல்கர் என்னும் மண்ணில் ஊறவைத்தபோது, அதன் மூர்க்கம் தணியக் கண்டார். 1867இல் அதற்கு உரிமம் பெற்று, டைனமைட் எனப் பெயரிட்டார். தானே வெடிக்க முனைவதை அடக்கி, ஏவினால் மட்டுமே வெடிக்கச் செய்தமையே அவருடைய வெற்றி. அவ்வாறு ஏவும் சிறு குழாயே டெட்டனேட்டர்.

இருபதாம் நூற்றாண்டில் பொறியாளர் மேலும் ஒரு படி ஏறினர். நூறு குழிகளை ஒரே கணத்தில் வெடித்தால் நிலம் அதிரும். அண்டை வீட்டுச் சுவர் விரிசல் காணும். அவற்றை மில்லிசெகண்டு எனப்படும் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிகளால் பிரித்து, முன்வரிசையை முதலிலும் பின்வரிசையை அடுத்தும் வெடித்தால், முன்னது விலகிப் பின்னதற்கு இடம் தரும். நம் செவிக்கு அது ஒரே வெடிதான். பாறைக்கோ அது முறையாக நடைபெறும் ஓர் ஊர்வலம். இந்நாளில் மின்னணு டெட்டனேட்டர்கள் இக்கால அளவை மேலும் நுட்பமாகக் காக்கின்றன.

ஆயத்தத்தின் பெருமைக்கு ஒரு சான்று கூற விழைகிறேன். கனடாவின் மேற்குக் கரையில், பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில், வான்கூவர் தீவின் ஓரமாகச் சேமூர் நெரோஸ் என்ற குறுகிய நீரிணை உண்டு. அதன் நடுவே ரிப்பிள் ராக் என்னும் இரட்டை முகடுடைய பாறை நீருள் மறைந்து நின்றது. நீர் வற்றிய வேளையில் உயர்ந்த முகடு ஏறத்தாழ 9 அடி ஆழத்தில்தான் இருந்தது. சுழன்றோடும் நீரோட்டத்தில் சிக்கிப் பல கப்பல்கள் சேதமுற்றன. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

1943இல் ஒரு மிதவையை வடங்களால் நிறுத்தி, மேலிருந்து பாறையைத் துளையிட முயன்றனர். நீரோட்டம் வடங்களை மீண்டும் மீண்டும் அறுத்தது. 1945இல் மேலே கம்பிவடம் கட்டிச் செய்த இரண்டாம் முயற்சியும் கைவிடப்பட்டது. மேலிருந்து வெல்ல முடியாத பாறையை அடியிலிருந்து அணுகலாம் என்ற துணிபு பின்னர்ப் பிறந்தது. 1955 நவம்பரில் வேலை தொடங்கிற்று. அருகிலிருந்த மாட் தீவில் ஆழமான குழி தோண்டினர். அங்கிருந்து கடலுக்கு அடியில் ஏறத்தாழ 2,500 அடிச் சுரங்கம் குடைந்தனர். பின்னர் ஒவ்வொரு முகட்டினுள்ளும் 300 அடி மேல்நோக்கி ஏறினர். சராசரியாக 75 பேர் மூன்று முறைகளாகப் பகிர்ந்துகொண்டு இரவும் பகலும் உழைத்தனர். இறுதியில் பாறையின் வயிற்றில் ஏறத்தாழ 1,270 மெட்ரிக் டன் மருந்து வைக்கப்பட்டது.

1958ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் காலை 9 மணி 31 நிமிடத்திற்கு அது வெடித்தது. முன்னதாகச் சுற்றிலும் மூன்று மைல் அளவிற்கு மக்களைக் காவலர் அகற்றியிருந்தனர். ஏறத்தாழ ஆறரை இலட்சம் டன் பாறையும் நீரும் எழுந்து சிதறின. கனடா மக்கள் தொலைக்காட்சியில் அதனை அக்கணமே கண்டனர். நீர் அடங்கியபின் அளந்தபோது, முகட்டிற்கு மேல் ஏறத்தாழ 45 அடி ஆழம் இருந்தது. கண் இமைக்கும் நேரத்தில் நிகழ்ந்த அவ்வெடிக்கு ஆயத்தம் செய்தது, 28 மாத உழைப்பு!

இதனைக் கேட்டு வியக்கும் நீங்கள், மற்றொன்றையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். நான் தலைமையாசிரியனாக இருந்த ஊர்களுள் ஒன்றன் அருகே கல்குவாரி இருந்தது. ஒருநாள் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன், விரலளவு நீளமுள்ள பளபளப்பான குழாய் ஒன்றைப் பேனா மூடி என்றெண்ணிக் கொண்டுவந்தான். உள்ளேயிருந்த ‘அழுக்கை’ ஊசியால் குடைந்தெடுக்க முற்பட்டபோது, பக்கத்தில் இருந்தவன் ஓடிவந்து ஆசிரியரிடம் கூறினான். குழாயை அசைக்காமல் மேசைமேல் விடச்செய்து, பிள்ளைகள் அனைவரையும் வெளியேற்றி, வெடி வைப்பவருக்கு ஆள் அனுப்பினேன். வந்தவர் அதைப் பார்த்ததும் முகம் வெளிறினார். “ஐயா, இது டெட்டனேட்டர். வெடிக்காத குழியிலிருந்து கல்லோடு வந்திருக்கிறது. வெடிகளை ஒழுங்காக எண்ணியிருந்தால் இது இங்கே வந்திராது” என்றார்.

எண்ணுதல்! பத்துக் குழிக்குத் தீயிட்டால் பத்து வெடியும் கேட்டனவா என எண்ண வேண்டும். ஒன்பதே கேட்டால், பத்தாவது குழி உறங்குகிறது, இறந்துவிடவில்லை. உரிய நேரம் காத்திருந்து, பொறுப்புடையவர் மட்டுமே முறைப்படி அதனை அணுகுதல் வேண்டும். ஆதலின் குவாரியருகே, ஓடைக்கரையில், ஜல்லிக் குவியலில், கம்பி முளைத்த குழாயோ காகிதம் சுற்றிய தோட்டாவோ கிடக்கக் கண்டால், தொடாதீர்கள், உதைக்காதீர்கள், தோழர்களையும் அணுகவிடாதீர்கள். பெரியவர்களிடமும் காவல் நிலையத்திலும் உடனே தெரிவியுங்கள்.

உங்களுள் சிலர் நாளை சுரங்கப் பொறியாளராகலாம். மலையைப் பெயர்க்கும் மருந்து உங்கள் ஏவலுக்குக் காத்திருக்கும். அன்று உங்கள் திறமையை ஊரார் வெடியின் ஓசையால் அளக்கக்கூடும். உங்கள் கீழ் உழைக்கும் தொழிலாளியின் மனைவியோ, மாலையில் அவர் வீடு திரும்புவதைக் கொண்டே அளப்பாள். அவளுடைய அளவே சரியான அளவு.