ஒலி எழுப்பாத கைத்தொலைபேசி: பழுதுபார்ப்புக் கடைக்குச் செல்லுமுன்

(நூலகத்தில் நடைபெற்ற தமிழ் மூத்தோர் தகவல் அமர்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சிட்னியில் வாழும் நமக்குக் கைத்தொலைபேசி உரையாடுவதற்கு மட்டுமான கருவி அன்று. மருத்துவமனையிலிருந்து நாள் குறித்து அழைப்பதும், பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பாடசாலை அறிவிப்பதும், ஊரிலிருந்து உடன்பிறந்தாரின் குரல் வருவதும் அதன் வழியாகவே. அதில் ஒலி நின்றுவிட்டால் அழைப்பு வந்ததே நமக்குத் தெரியாது. நிபுணரைச் சந்திக்கக் கிடைத்த ஒரு நாள் தவறினால் மீண்டும் பல வாரங்கள் காத்திருக்க நேரலாம். ஆகையால் இதனைச் சிறு குறை என்று தள்ளிவைத்தல் கூடாது.

அதே வேளையில், ஒலி நின்றவுடன் கருவி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டவும் வேண்டியதில்லை. பல வேளைகளில் ஒலிபெருக்கி நலமாகவே இருக்கும். அமைப்புகளில் ஏதோ ஒன்று மாறியிருக்கும். அதைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அலாரத்தின் ஒலியளவை உயர்த்தி, இரண்டு நிமிடம் கழித்து ஒலிக்குமாறு அதனை அமையுங்கள். ஐபோனில் பொதுவாக அழைப்பு மணியின் ஒலியளவே அலாரத்துக்கும் உரியது. அமைதி நிலையில் வைத்த தொலைபேசியிலும் அலாரம் வழக்கமாக ஒலிக்கும். எனவே அலாரம் கேட்டால் ஒலிபெருக்கி வேலை செய்கிறது; குறை பெரும்பாலும் அமைப்புகளில்தான் உள்ளது. கேட்காவிடினும் கலங்க வேண்டாம். இனி நான் கூறும் படிகளை முடித்தபின் மீண்டும் ஒரு முறை சோதித்துப் பாருங்கள்.

முதலாவது, ஒலியளவு. தொலைபேசியில் உள்ளது ஒரே ஒலியளவு அன்று. அழைப்பு மணிக்கு ஒன்று, காணொளிக்கும் பாட்டுக்கும் ஒன்று, உரையாடலுக்கு ஒன்று எனத் தனித்தனியே உள்ளன. பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்தும்போது இவற்றுள் ஒன்று மட்டுமே மாறக்கூடும். பாட்டு உரக்கக் கேட்டும் அழைப்பு மணி கேளாதிருப்பதன் காரணம் இதுவே. 'செட்டிங்ஸ்' எனப்படும் அமைப்புகளில் 'சவுண்ட்' என்ற பகுதியைத் திறந்து அங்குள்ள ஒவ்வொரு கோட்டையும் பாருங்கள். எதிர்முனையில் பேசுபவரின் குரல் மெலிந்திருந்தால், பேசிக்கொண்டிருக்கும்போதே ஒலியளவுப் பொத்தானை மேல்நோக்கி அழுத்துங்கள்.

இரண்டாவது, அமைதி நிலை. ஐபோன்கள் பலவற்றின் இடப்பக்கத்தில் சிறு விசை ஒன்று உண்டு. அதில் செம்மஞ்சள் நிறம் தெரிந்தால் அழைப்பு மணி நிறுத்தப்பட்டுள்ளது. கைப்பையினுள் உரசியே அது மாறிவிடக்கூடும். அண்மைக்கால ஐபோன்களில் விசைக்குப் பதிலாகப் பொத்தான் உள்ளது. அதனை நீண்ட நேரம் அழுத்தினால் அமைதி நிலை மாறலாம். அன்ட்ரோயிட் தொலைபேசிகளில், திரையின் மேலிருந்து கீழ்நோக்கி விரலால் இழுத்தால் வரும் பட்டியலில் ஒலிக்கான குறியைக் காணலாம்.

மூன்றாவது, 'டூ நாட் டிஸ்டர்ப்' எனப்படும் தொந்தரவு தவிர்க்கும் நிலை. ஐபோனில் பிறைநிலவும், அன்ட்ரோயிடில் குறுக்குக்கோடு இட்ட வட்டமும் இதற்குரிய அடையாளங்கள். இரவுத் தூக்கத்திற்காகப் பிள்ளைகள் இதற்கு நேர அட்டவணை அமைத்துத் தந்திருப்பார்கள். அது பகலிலும் நீடிப்பதுண்டு. தேவையெனில் அதனை இயக்கத்திலேயே வைத்துக்கொண்டு, குடும்பத்தாரின் எண்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம்.

இங்கே ஒன்றைச் சிறப்பாக வலியுறுத்த விரும்புகிறேன். அறியாத எண்களிலிருந்து வரும் அழைப்புகளை ஒலிக்காமல் தடுக்கும் வசதி தொலைபேசிகளில் உள்ளது. மோசடி அழைப்புகளுக்கு அஞ்சிப் பலர் அதனை இயக்கி வைத்துள்ளனர். அவ்வச்சம் நியாயமானதே. ஆயினும் மருத்துவமனை அழைப்புகள் பல வேளைகளில் எண் மறைக்கப்பட்டே வருகின்றன. மருத்துவரின் அழைப்பை எதிர்பார்க்கும் நாட்களில் இவ்வசதியை நிறுத்திவையுங்கள். இயக்கத்தில் வைப்பவர்கள் நாள்தோறும் குரலஞ்சலைக் கேட்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

நான்காவது, புளூடூத். தொலைபேசி ஒலியை வேறொரு கருவிக்கு அனுப்பிக்கொண்டிருக்கக்கூடும். வீட்டு முற்றத்தில் நிற்கும் மகனின் கார், மேசையறையில் கிடக்கும் காதொலிப்பான், செவிப்புலன் உதவிக் கருவி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இணைந்திருக்கலாம். புளூடூத்தைச் சற்று நிறுத்திச் சோதியுங்கள். ஒலி திரும்பினால் காரணம் தெரிந்துவிட்டது. செவிப்புலன் கருவி அணிவோர் சோதனை முடிந்ததும் அதனை மீண்டும் இணைக்க மறவாதீர்கள்.

ஐந்தாவது, செயலிகள். செய்தி வரும்போது ஒலி கேட்கவில்லை என்ற குறை வாட்ஸ்அப்பில் மட்டும் இருந்தால், குறிப்பிட்ட குழு அல்லது நபர் அமைதிப்படுத்தப்பட்டிருக்கலாம். குரற்செய்தியைக் கேட்கும்போது தொலைபேசியின் மேற்பகுதியைக் கையால் மறைத்தால், காதருகே வைத்ததாகக் கருதி அது மேலுள்ள சிறு ஒலிபெருக்கிக்கு மாறிவிடும். கையை விலக்கிக் கேட்டுப் பாருங்கள்.

ஆறாவது, தூசும் ஈரமும். பெரும்பாலான தொலைபேசிகளில் ஒலி வெளிவரும் துளைகள் மின்னேற்றும் வாயின் அருகே உள்ளன. உறையையும் திரைக்காப்பையும் கழற்றி, அவை துளைகளை மூடுகின்றனவா என்று பாருங்கள். மென்மையான, உலர்ந்த, புதிய பல்துலக்கியால் மெல்லத் துடையுங்கள். ஊசியோ குச்சியோ செலுத்தாதீர்கள். உள்ளிருக்கும் மெல்லிய வலை கிழிந்துவிடும். தொலைபேசி நனைந்திருந்தால் துளைகள் கீழ்நோக்கி இருக்குமாறு பிடித்து, உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி, காற்றோட்டமுள்ள இடத்தில் உலரவிடுங்கள். அரிசிப் பானைக்குள் இடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதன் துகள்கள் துளைகளுக்குள் புகக்கூடும் என்பதால் அதனைத் தவிருங்கள். தலைமயிர் உலர்த்தியின் சூடான காற்றும் ஆகாது.

ஏழாவது, தொலைபேசியை முற்றாக நிறுத்தி மீண்டும் இயக்குவது. மென்பொருளில் தற்காலிகமாக நேர்ந்த தடுமாற்றம் இதனால் நீங்கிவிடுவதுண்டு. மென்பொருள் புதுப்பிப்பு காத்திருந்தால் அதையும் செய்துகொள்ளுங்கள். எல்லாவற்றையும் அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும் முறையை மட்டும், படங்களையும் எண்களையும் வேறிடத்தில் சேமிக்காமல் ஒருபோதும் முயலாதீர்கள்.

இவ்வளவும் செய்து அலாரம் இன்னும் ஒலிக்கவில்லையெனில், ஒலிபெருக்கியே பழுதடைந்திருக்கலாம். அப்போது கொள்முதல் பற்றுச்சீட்டுடன் வாங்கிய கடைக்குச் செல்லுங்கள். அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் அளிக்கும் உரிமை, உற்பத்தியாளரின் உத்தரவாதக் காலம் முடிந்த பின்னரும் நியாயமான காலம்வரை நீடிக்கலாம். 'உற்பத்தியாளரிடம் போங்கள்' என்று கூறிக் கடைக்காரர் தம் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் நீரில் விழுந்ததாலோ கவனக்குறைவாலோ நேர்ந்த சேதத்திற்கு இவ்வுரிமை பொருந்தாமற்போகலாம். ஆங்கிலத்தில் பேசத் தயங்குவோர் 131 450 என்ற எண்ணில் மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்துத் தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

பழுதுபார்க்கக் கொடுக்குமுன் தகவல்களைச் சேமித்துக்கொள்ளுங்கள். வங்கிக் கடவுச்சொற்களை எவரிடமும் கூறாதீர்கள். 'உங்கள் தொலைபேசியில் கோளாறு உள்ளது, இங்கிருந்தே சரிசெய்கிறோம்' என்று தாமாக அழைப்பவர்களை நம்பி எந்தச் செயலியையும் நிறுவாதீர்கள்.

பழுது நீங்கும்வரை என்ன செய்வது? தொலைபேசியில் காதருகே ஒலிப்பது ஒன்று, உரக்க ஒலிப்பது ஒன்று என ஒலிக்கும் இடங்கள் இரண்டு. காதருகே குரல் கேட்காவிடில் உரையாடலின்போது 'ஸ்பீக்கர்' பொத்தானை அழுத்துங்கள். உரத்த ஒலி வராவிடில் காதில் வைத்துக் கேளுங்கள். இரண்டில் ஒன்று பெரும்பாலும் உதவும். அவசரத்தில் 000 அழைக்கும்போது இதை நினைவில் கொள்ளுங்கள். அதிர்வையும், அழைப்பு வரும்போது விளக்கு மின்னும் வசதியையும் இயக்கி வையுங்கள். மருந்து வேளைக்கு அலாரத்தை நம்பியிருப்போர் அதுவரை மேசைக் கடிகாரம் ஒன்றைப் பயன்படுத்துதல் நன்று.

இவற்றைத் தனியே செய்யத் தயங்குவோர் பிள்ளைகளையோ அயலவரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யலாம். ஆனால் தொலைபேசியை அவர்கள் கையில் கொடுத்துவிடாமல், உங்கள் விரலாலேயே ஒவ்வொரு படியையும் செய்து பாருங்கள். அடுத்த முறை அவர்கள் வேலைக்குச் சென்றிருக்கும் வேளையில் ஒலி நின்றாலும் உங்களால் அதனைத் திரும்பக் கொண்டுவர இயலும். இன்று வீடு திரும்பியதும் அலாரச் சோதனையை ஒருமுறை செய்து பாருங்கள் என்று கேட்டு அமைகிறேன்.