நாம் வந்த வழி

(பொன்விழாவை முன்னிட்டு நடைபெற்ற பங்கு மக்கள் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



விழா மலருக்குப் பங்கின் வரலாற்றை எழுத ஒரு குழு அமைத்தோம். பாடுபட்டு எழுதிக் கொடுத்தார்கள். பங்குத்தந்தையர் இன்னின்ன காலம் இருந்தார்கள், மணி எப்போது வந்தது, கெபி யார் செலவில் எழும்பியது, ஓட்டுக்கூரை எப்போது மாறியது என்று எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஓர் இரவு உட்கார்ந்து முழுவதையும் வாசித்தேன். நான் தேடிய ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. கோயில் கட்டியபோது பகலெல்லாம் கொழுந்து கிள்ளிவிட்டு, அந்தியில் ஆற்றங்கரையிலிருந்து கல் சுமந்தவர்கள் லயத்துப் பெண்கள். வயதான தாய்மார் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு மலரில் கிடைத்த இடம் ஒரே வரி: “இலங்கையிலிருந்து வந்த மக்களும் உதவினர்.” அந்த ‘உம்’ என்னைத் தூங்க விடவில்லை.

எழுதியவர்களைக் குறை சொல்லவில்லை. கேட்டபோது, “சுவாமி, அந்தக் கதையை எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே” என்றார்கள். உண்மைதான். நானே சொல்லவில்லை. இந்தப் பங்குக்கு வந்து ஆறு வருடமாகிறது. நானும் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயத்துக் காம்பராவில் பிறந்தவன் என்பதை ஒரு நாளும் பிரசங்கத்தில் சொன்னதில்லை. குருமடத்தில் சேர்ந்த புதிதில் ரயிலைக் ‘கோச்சி’ என்று சொல்லிவிட்டேன். கூட இருந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அன்றோடு அந்தச் சொல்லை விட்டேன். அதோடு இன்னும் எதையெல்லாம் விட்டேன் என்று இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன்.

ஆகவே இன்று அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்லுகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் கேளுங்கள்.

1820-களில் இலங்கை மலைகளில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பி, கங்காணியின் வார்த்தையை நம்பி நம் முன்னோர் கடல் கடந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். காய்ச்சலிலும் வயிற்றோட்டத்திலும் வழியிலேயே மாண்டவர்களுக்குக் கல்லறை கிடையாது. 1869-ல் கோப்பிச் செடியில் இலை நோய் விழுந்தது; பிறகு தேயிலை வந்தது. காட்டை வெட்டியவர்களும் ரயில் பாதை போட்டவர்களும் கொழுந்து கிள்ளியவர்களும் இவர்களே.

1948-ல் இலங்கைக்குச் சுதந்திரம் வந்தது. அதே வருடம் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடம் வாக்குரிமையும் போயிற்று. மூன்று தலைமுறை அங்கேயே பிறந்து அங்கேயே மண்ணானவர்களுக்குக் ‘கள்ளத்தோணி’ என்று பெயர். பிறகு 1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரி அவர்களும் சிறிமாவோ அம்மையாரும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். மொத்தம் 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அந்த மீதியை 1974-ல் ஆளுக்கு 75,000 என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். மாட்டுச் சந்தையில்கூட மாட்டின் பல்லைப் பார்ப்பார்கள். இங்கே தலையை எண்ணினார்களே தவிர, போகிறாயா இருக்கிறாயா என்று அந்த மக்களை யாரும் கேட்கவில்லை.

எங்கள் குடும்பம் 1978-ல் புறப்பட்டது. எனக்கு எட்டு வயது. தகப்பனார் பெயருக்கு இந்தியப் பாஸ்போர்ட்டு வந்தது. பெரியப்பா இலங்கைக்கு எழுதிப் போட்டிருந்தார். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் பிறந்து வளர்ந்தவர்கள் இரண்டு நாட்டார் ஆனார்கள். நம் மக்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர். பெயர் வைத்தது எந்தப் புலவரும் அல்ல. ஸ்டேஷனில் நின்று கேட்டவர்கள். செத்த வீட்டில் பாடுவதை உயிரோடு போகிறவர்களுக்குப் பாடினார்கள். என் தாயார் ஜன்னல் கம்பியை விடவே இல்லை. தலைமன்னாரில் ‘இராமானுஜம்’ கப்பல் ஏறி இராமேசுவரத்தில் இறங்கினோம். மண்டபம் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். என் பாட்டனாரை இலங்கைக்கு அனுப்புமுன் அடைத்து வைத்து மருந்து அடித்த அதே முகாம்!

இங்கே வந்து நாம் பட்டதும் கதைதான். தொழில் செய்யச் சொல்லி 5,000 ரூபாய்க் கடன். கொழுந்து தவிர வேறு தொழில் அறியாதவர்கள் அதை வைத்து என்ன செய்வார்கள்? தரகர்கள் பாதியைத் தின்றார்கள். கொடைக்கானல் மலைக்காட்டில் மரம் வெட்டப் போய்க் கொத்தடிமையானவர்கள் உண்டு. தெரிந்த தொழிலைத் தேடி நீலகிரி ஏறியவர்கள் அநேகர். அரசு 1968-ல் நமக்கென்று தேயிலைத் தோட்டம் தொடங்கியது. 1976-ல் அது டான்டீ கழகமாயிற்று. மறுபடியும் லயம், மறுபடியும் பெரட்டு. அங்கே ‘இந்தியாக்காரன்’ என்றார்கள். இங்கே ‘சிலோன்காரன்’ என்றார்கள்.

இங்கே ஒரு கசப்பான காரியம். நம்முடைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினால் அந்தோணி, சவரியம்மாள் என்று இருக்கும். அதே ஆளுக்குத் தாலுகா ஆபீசில் வேறு பெயர், வேறு மதம். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். 1950-ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணைப்படி கிறிஸ்தவரானால் ஆதிதிராவிடருக்குப் பட்டியல் சாதி உரிமை இல்லை. சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் கிடைத்தது நமக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஒரு தாய் பிள்ளையின் படிப்புக்காக ஒரு பெயரையும் ஆன்மாவுக்காக ஒரு பெயரையும் வைத்துக்கொண்டு நிற்கும்போது, “பொய் சொல்லாதே” என்று கண்டிக்க எனக்கு வாய் வருவதில்லை. சட்டத்தைத்தான் கண்டிக்கிறேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: அவர்களுக்குக் கோயிலில் கடைசி பெஞ்சு என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. அதை எழுதியவர்கள் நாம்.

நம் மக்கள் குனிந்து கொடுத்தே பிழைத்தார்கள் என்று பிள்ளைகள் நினைக்க வேண்டாம். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி போலீஸ் குண்டுக்குப் பலியானார். 1977 மே மாதம், தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்த போராட்டத்தில் டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டார். கண்டியில் 1972-ல் ‘சத்யோதய’ நிலையத்தைத் தொடங்கிய இயேசு சபைக் குரு பால் காஸ்பெர்ஸ், சிங்களரையும் தமிழரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தவர். குருவானவருக்குத் தோட்டத்துக் கூலிச் சண்டையில் என்ன வேலை என்று அந்தக் காலத்திலும் கேட்டவர்கள் இருந்தார்கள். என்னையும் கேட்கிறார்கள், பரவாயில்லை, நல்ல துணையோடுதான் இருக்கிறேன்.

நம் கதையைச் சொல்லும்போது ஒன்றை மறைத்தால் அதுவும் பாவம். நாம் குடியேறிய இந்த மலை யாருமில்லாத மலை அல்ல. பணியரும் குறும்பரும் வாழ்ந்த காடு. நமக்குத் தோட்டம் வந்தபோது அவர்களுக்குக் காடு சுருங்கியது. நாமும் அவர்களை ஒரு படி கீழே வைத்துத்தான் பேசி வந்தோம். பட்ட கஷ்டம் மனிதனைத் தானாக நல்லவனாக்கி விடுவதில்லை.

கடல் கடந்த உறவுகளையும் நினைக்கிறேன். பெரியப்பா குடும்பம் 1977 ஆகஸ்ட் கலவரத்திலேயே தோட்டத்தை விட்டு வவுனியாவுக்கு ஓடியது. எங்களை வழியனுப்ப அங்கிருந்துதான் வந்தார். பின்னர் கிளிநொச்சி. 2009-ல் அந்த வீட்டில் யார் மிஞ்சினார்கள் என்று அறிய எங்களுக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. மலையில் தங்கியவர்களோ விடாமல் நின்று, 1988, 2003 சட்டங்களால் பிரஜைகளானார்கள். ‘இந்தியத் தமிழர்’ என்ற பெயரை மாற்றி ‘மலையகத் தமிழர்’ என்று தாங்களே தங்களுக்குப் பெயர் சொல்லிக்கொள்கிறார்கள். 2023-ல் இருநூறு வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த வழியிலேயே நடந்தார்கள். நமக்கோ நம்முடைய மலரிலேயே ஒரு வரி.

அவசரமும் இருக்கிறது. ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் இறங்கிப் போய்விட்டார்கள். இன்னும் பத்து வருடத்தில் இந்த லயங்களில் யார் இருப்பார்கள், கதையை யாரிடம் கேட்பது? பழைய ஏற்பாட்டில் முதற்பலன் கொண்டு வருகிற இஸ்ராயேலன் கூடையைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போவதில்லை. தன் முன்னோன் ஊர் ஊராய்த் திரிந்ததையும், எகிப்தில் அடிமைப்பட்டதையும், கர்த்தர் மீட்டதையும் பீடத்தின் முன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நம் பெண்கள் ஐம்பது வருடமாகக் கூடையை இறக்கிக்கொண்டே இருக்கிறார்கள். கதையைச் சொல்லச் சொல்லி நாம் கேட்டதே இல்லை.

மலர்க் குழுவோடு பேசிவிட்டேன். அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு ஆறு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். அச்சுச் செலவு கூடுகிறது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். சக்கிறிஸ்தியில் ஒரு பெரிய நோட்டு வைத்திருக்கிறேன். ஞாயிறு பூசை முடிந்ததும் இளைஞர் இருவர் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். பிறந்த தோட்டம், லயம், கப்பலேறிய வருடம், அங்கே விட்டு வந்தவர்கள் பெயர், கோயிலுக்குக் கல் சுமந்தவர்கள் பெயர், நினைவுள்ள எல்லாவற்றையும் சொல்லுங்கள். எழுதத் தெரியாவிட்டால் அவர்கள் எழுதுவார்கள். தோட்டத்துப் பேச்சிலேயே சொல்லுங்கள். யாரும் திருத்தக் கூடாதென்று சொல்லி வைத்திருக்கிறேன். குடும்ப அட்டையோ பழைய பாஸ்போர்ட்டோ இருந்தால் கொண்டு வாருங்கள். படம் எடுத்துக்கொண்டு கையோடு திருப்பித் தருவோம்.

முதல் பக்கம் நேற்று நிரம்பிவிட்டது. என் தாயார் எண்பத்தொரு வயதில் சொல்லச் சொல்ல நானே எழுதினேன். பெரியப்பா பிள்ளைகள் ஏழு பேரின் பெயரையும் வரிசையாகச் சொன்னார். நடுவில் ஓர் இடத்தில் நான் ‘ரயில்’ என்று எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினேன். “நான் கோச்சின்னுதானே சொன்னேன்” என்றார். அடித்துவிட்டுக் கோச்சி என்று எழுதினேன்.