வலிக்குத் தந்த மாத்திரை



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நமது சங்கத்தின் வழக்கம். இவ்வாண்டு உடல்நலம் பற்றியும் ஒரு சொற்பொழிவு வேண்டும் என்று செயலாளர் பணித்தார். நான் மருத்துவன் அல்லன். பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிபவன். ஆயினும் நம் இல்லங்கள் பலவற்றில் இன்று புழங்கிவரும் ஒரு மாத்திரையைப் பற்றிக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்ல விழைகிறேன்.

நம் காலனியில் போடி, தேவாரம், கம்பம் பக்கத்துக் குடும்பங்கள் சில உண்டு. அவ்வூர்ப் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களில் வேலை செய்து மாலையில் திரும்புவதை அவர்கள் அறிவார்கள். ஏலக்காய் செடியின் தலையில் காய்ப்பதன்று, அடித்தூரில் காய்ப்பது. பறிப்பவள் நாள் முழுதும் குனிந்தோ குந்தியோ இருத்தல் வேண்டும். இருபது ஆண்டு இவ்வாறு வளைந்த இடுப்பு வலியாமல் என்ன செய்யும்?

என் தமக்கையார் அப்பெண்களுள் ஒருவர். இடுப்பிலிருந்து கால்வரை தீப்போல் எரிகிறது என்று சென்றவருக்கு, ஒரு மருத்துவமனையில் ‘அமிட்ரிப்டிலின்’ 10 மில்லிகிராம் எழுதித் தந்தார்கள். விளக்கம் ஏதும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் கைப்பேசியில் பார்த்து, அது மனச்சோர்வுக்கான மருந்து என்று படித்துச் சொன்னான். “எனக்கு இடுப்புதாண்டா வலிக்குது, புத்தி நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லி, மாத்திரையை அடுப்பில் போட்டுவிட்டார் தமக்கையார். ஒரு வார்த்தை விளக்கம் சொல்லியிருந்தால் அந்த அவமானம் அவருக்கு நேர்ந்திராது.

அந்த விளக்கம் என்ன? 1957-இல் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் ரோலண்ட் கூன் என்பார், ‘இமிப்ரமின்’ என்னும் மருந்து மனச்சோர்வைப் போக்குவதை வெளியிட்டார். சில ஆண்டுகளுக்குள்ளேயே பிரெஞ்சு மருத்துவர்கள் அது நாட்பட்ட வலியையும் தணிப்பதைக் கண்டனர். 1961-இல் அமிட்ரிப்டிலின் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இரயில்வேக்காரன் உவமையில் சொல்வதானால், வலிச்செய்தி முதுகுத்தண்டின் வழியே மேலே ஓடும் வண்டி. அதை நிறுத்தும்படி மூளை கீழ்நோக்கிச் சிக்னல் கொடுக்கிறது. நாட்பட்ட வலியில் அந்தச் சிக்னல் தளர்ந்துவிடுகிறது. நாரட்ரினலின், செரட்டோனின் என்னும் பொருள்களைப் பெருக்கி அதனை வலுப்படுத்துவதே இம்மருந்தின் வேலை எனக் கருதுகிறார்கள். மனச்சோர்வுக்கு நாளொன்றுக்கு 75 முதல் 150 மில்லிகிராம் வரை கொடுப்பார்கள். வலிக்கோ 10 அல்லது 25-இல் தொடங்குவார்கள். ஆகவே இம்மாத்திரை எழுதப்பட்டதனால் எவரும் பைத்தியம் ஆகிவிடவில்லை. மனச்சோர்வே வந்திருந்தாலும் அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

நிற்க. மருந்து நல்லது என்பதனால் தொல்லையற்றது என்று பொருளன்று. இதன் பக்க விளைவுகள் முதலில் வரும். பயன் பின்னர் வரும். வலி குறைகிறதா என்றறிய இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். நாக்கு உலர்வதோ முதல் வாரத்திலேயே தொடங்கிவிடும். பலர் இடையில் கைவிடுவது இதனால்தான். வாய் வறட்சி, மலச்சிக்கல், பார்வை மங்கல், எடை கூடுதல் ஆகியவை பொதுவானவை. மலைவேலைக்குச் செல்வோர்க்கு இரண்டு தொல்லைகள் பெரியவை. குந்தியிருந்தவர் சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றும். சரிவான தோட்டத்தில் அது விழுவதற்கு வழி. இரவு மாத்திரையின் மயக்கம் காலையிலும் தீராதிருக்கும். நான்கு மணிக்கு எழவேண்டியவர் மருத்துவரைக் கேட்டு, படுக்கப்போகும் முன்பல்லாமல் மாலையிலேயே மாத்திரையை விழுங்கலாம். அவ்வளைவுகளில் ஜீப் ஓட்டுபவர் இதை உண்டால் என்னாகும் என்பதை உங்கள் கற்பனைக்கு விடுகிறேன்.

ஆண்களில் முதியோர்க்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். கண்ணில் நீரழுத்த நோய், இதயத் துடிப்புக் கோளாறு உடையவர்கள் முன்னரே சொல்லவேண்டும். சாராயத்தோடு சேர்ந்தால் மயக்கம் இரட்டிக்கும். சிறு பிள்ளைகள் இம்மாத்திரைகள் சிலவற்றை விழுங்கினாலும் உயிருக்கு ஆபத்து. உத்தரத்தில் செருகி வைக்காமல் பூட்டி வையுங்கள்.

‘டுலாக்ஸிட்டின்’ என்பது பின்னர் வந்த மருந்து. 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சர்க்கரை நோயால் கால் எரிபவர்க்கு மிகுதியாக எழுதப்படுகிறது. இதில் குமட்டலும் வியர்வையும் உண்டு. இரத்த அழுத்தம் ஏறலாம். திடீரென்று நிறுத்தினால் தலை சுற்றும். மின்சாரம் தாக்கியதுபோல் உடல் அதிரும். நிறுத்துவதாயின் மருத்துவர் சொற்படி படிப்படியாகக் குறைத்தே நிறுத்தவேண்டும்.

எல்லையில் வாழ்வோர்க்கு இன்னொரு இடர் உண்டு. போடியில் ஒரு சீட்டு, மலைமேல் கேரளத்தில் ஒரு சீட்டு. இவர் எழுதியது அவருக்குத் தெரியாது. ஒருவர் டுலாக்ஸிட்டின் எழுத, மற்றவர் ‘டிரமடால்’ என்னும் வலி மருந்து எழுதினால், இரண்டும் சேர்ந்து நடுக்கம், காய்ச்சல், குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோகலாம். பழைய சீட்டுகளையும் வெற்று அட்டைகளையும் ஒரு பையில் போட்டு, எங்கே சென்றாலும் உடன் கொண்டுபோவது நன்று. மலையாள மருத்துவரிடம் தலைசுற்றலைச் சொல்லத் தெரியாமல் விழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ‘தலகறக்கம்’ என்றால் போதும்.

இம்மருந்துகள் எவ்வளவு பயன் தருகின்றன? 2023-இல் காக்ரேன் அமைப்பு 176 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, டுலாக்ஸிட்டினுக்கே நம்பத்தக்க சான்று உண்டென்றும், மற்றவை பெரும்பாலானவற்றுக்குச் சான்று போதாது என்றும், நெடுநாள் உண்பதன் தீங்கு பற்றி உறுதியான தகவல் இல்லை என்றும் உரைத்தது. ஆதலால் மூன்று மாதத்துக்கொருமுறையேனும் “இன்னும் இது வேண்டுமா ஐயா?” என்று மருத்துவரைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

தமக்கையாருக்கு வேறொரு மருத்துவர் அமைதியாக விளக்கிய பின், மீண்டும் தொடங்கினார். எரிச்சல் முற்றும் ஒழியவில்லை. பாதி குறைந்தது, உறக்கம் வந்தது. வாய் உலர்வதற்காகத் தண்ணீர்ப் போத்தலோடு தோட்டம் போகிறார்.

பக்க விளைவு கண்டால் நோயாளியே தெரிவிக்க இந்திய அரசு ஏற்பாடு செய்துள்ளது. கட்டணமில்லாத தொலைபேசி எண் 1800-180-3024. எழுதிக்கொள்ள விரும்புவோர்க்காக மீண்டும் சொல்கிறேன்: 1800-180-3024. தலைவர் மணியைத் தொடுகிறார்.